பெறுபேறு பார்க்கும் தளத்துக்கு ஏன் இரண்டு வாரம் கூடுதலாக எடுத்தது?

ஊரவர்கள், பெற்றோர்கள், பழைய மாணவர்கள் அனைவரின் கவனத்துக்கும்.

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

மூன்றாம் தவணைப் பெறுபேறுகளை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருந்தோம். செயலி தயாராகி இரண்டு வாரமாகிறது. முகவரி இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை. வட்ஸ்அப் குழுவில், "செஞ்சி முடிச்சாச்சி எண்டா லிங்க்க போடுறதுக்கு என்ன சேர்?" என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். "எங்கட ஆக்கள் எதத் தொடங்கினாலும் இழுபடும்" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். கேள்வி நியாயமானது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட, எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதுவது நல்லது என்று நினைத்தோம். உள்ளே இருப்பது உங்கள் பிள்ளைகளின் விபரம் என்பதால், கணினி தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதப் பார்க்கிறோம்.

முதலில் செயலியைப் பற்றி இரண்டு வார்த்தை. நமது பாடசாலையின் பழைய மாணவர் ஒருவர் இப்போது கட்டாரில் வேலை செய்கிறார். தனது விடுமுறை நாட்களில் உட்கார்ந்து, ஒரு சதம் வாங்காமல், இதை ஜாவா மொழியில் எழுதித் தந்தார். ஸ்பிரிங் பூட் என்ற சட்டகத்தைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆசிரியர்கள் புள்ளிகளைப் பதியலாம். வகுப்பாசிரியர் வரவைப் பதியலாம். பெற்றோர் தமது பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையைப் பார்க்கலாம்.

இந்த வகைச் செயலியில் ஒரு வசதி இருக்கிறது. முழுச் செயலியும் ஒரே ஒரு கோப்பு. ஜாவா நிறுவிய எந்தக் கணினியிலும் அதை வைத்து ஒரு கட்டளை கொடுத்தால் ஓடத் தொடங்கிவிடும். இணையக் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் டொம்கட் என்ற சேர்வர் அந்தக் கோப்பின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. சன் நிறுவனத்தில் பிறந்து, 1999 இல் அப்பாச்சி அமைப்பிடம் கையளிக்கப்பட்டு, இன்றுவரை இலவசமாக வளர்ந்து வரும் பழைய, நம்பகமான சேர்வர் அது.

ஓடத் தொடங்கியதும் அது 8080 ஆம் இலக்கப் போர்ட்டில் காத்திருக்கும். போர்ட் என்பதைக் கணினியின் கதவு இலக்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணினிக்கு ஆயிரக்கணக்கான கதவுகள் உண்டு. பிரவுசரில் சாதாரணமாக ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் அது 80 அல்லது 443 ஆம் கதவைத்தான் தட்டும். வேறு கதவென்றால் முகவரியின் பின்னால் இலக்கத்தையும் எழுத வேண்டும்.

அப்படிப் பார்த்தால், செயலி கிடைத்த முதல் நாளே எல்லாம் வேலை செய்தது. வாடகைக்கு எடுத்த சிறிய சேர்வரில் கோப்பை வைத்தோம், ஓடவிட்டோம், சேர்வரின் எண்களைத் தட்டி, முக்காற்புள்ளி போட்டு, 8080 என்று தட்டினோம். நமது பாடசாலையின் பெயரோடு பக்கம் திறந்தது. அந்த முகவரியைத்தான் குழுவில் போடச் சொல்கிறீர்கள். அதைப் போடுவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்தோம்.

காரணத்தைச் சொல்வதற்கு முன், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, வீட்டு விலாசம், வாப்பாவின், உம்மாவின் தொலைபேசி இலக்கங்கள், ஒவ்வொரு பாடத்தின் புள்ளி, வராத நாட்கள். பாடசாலை உதவி பெறும் பிள்ளைகளின் பட்டியலும் உள்ளே இருக்கிறது. அந்தப் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பது பக்கத்து மேசைப் பிள்ளைக்கும் தெரியாமல் பல வருடமாக எங்கள் ஆசிரியர்கள் காத்து வந்த விடயம்.

பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு தாய் மெதுவாக வந்து கேட்டார். "சேர், எண்ட மகள்ட மார்க்ஸ் மத்தாக்கள் பாக்க ஏலாதே?" நாங்கள் "ஏலாது" என்று சொன்னோம். அந்த ஒரு சொல்லை உண்மையாக்குவதற்குத்தான் இந்த இரண்டு வாரமும் போனது.

சட்டமும் இதில் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பற்றிய தரவுகளை விசேட வகைத் தரவுகளில் சேர்த்திருக்கிறது. ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் இது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்தான்.

சரி, 8080 முகவரியை அப்படியே கொடுத்தால் என்ன நடக்கும்?

முதலாவது, அந்த வழியில் போகும் எதுவும் பூட்டப்படாமல் போகும். நீங்கள் தட்டும் கடவுச்சொல்லும், திரும்பி வரும் தேர்ச்சி அறிக்கையும் தபாலட்டை போல வெளிப்படையாகப் பயணிக்கும். தேநீர்க் கடையின் இலவச வைஃபையில் இருந்து பார்த்தால், அதே வைஃபையில் இருக்கும் விடயம் தெரிந்த ஒரு பையன் அதைப் படிக்கலாம்.

இரண்டாவது, அப்படியென்றால் செயலியை நேராக 80, 443 ஆகிய கதவுகளில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். லினக்ஸ் கணினிகளில் 1024 க்குக் குறைந்த கதவுகளைத் திறக்க வழமையாக ரூட் அதிகாரம் வேண்டும். ரூட் என்றால் கணினியின் முழு உரிமையாளர். செயலிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்து ஓடவிட்டால், நாளைக்கு அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போது, உள்ளே நுழைந்தவனுக்கு முழுக் கணினியும் சொந்தமாகிவிடும். புள்ளிகளைப் பதியும் ஒரு செயலிக்கு அவ்வளவு அதிகாரம் எதற்கு?

மூன்றாவது, டொம்கட் ஒரே நேரத்தில் கவனிக்கும் கோரிக்கைகளுக்கு எல்லை உண்டு. மாற்றாமல் விட்டால் அந்த எல்லை 200. ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு வேலையாள் கவனிக்கிறார் என்று வையுங்கள். பெறுபேறு வெளிவரும் மாலையில் நமது ஊரில் எத்தனை போன்கள் ஒரே நேரத்தில் தட்டும் என்று உங்களுக்கே தெரியும். அதிலும் சிக்னல் குறைந்த இடத்தில் இருக்கும் போனுக்குப் பக்கம் சொட்டுச் சொட்டாகத்தான் போய்ச் சேரும். அது சேர்ந்து முடியும் வரை அந்த வேலையாள் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். இருநூறு மெதுவான போன்கள் போதும், மற்ற எல்லோருக்கும் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த மூன்றுக்கும் உலகம் முழுவதும் கையாளும் வழி ஒன்றுதான். செயலியைத் தெருவில் நிறுத்தாமல், அதற்கு முன்னால் ஒரு காவலாளியை வைப்பது. தொழில்நுட்பத்தில் இதை ரிவர்ஸ் ப்ரொக்ஸி என்பார்கள்.

நமது பாடசாலைக் கேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வருபவர் நேராக அலுவலகத்துக்குள் போவதில்லை. கேட்டில் காவலாளி இருக்கிறார். வந்தவரை விசாரித்து, பெயரைப் பதிந்து, உள்ளே தகவல் கொண்டுபோய், பதிலைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அலுவலகத்தின் கதவு தெருப்பக்கம் திறப்பதில்லை. அது கேட்டின் பக்கம் மட்டும் திறக்கிறது.

நாங்கள் வைத்த காவலாளியின் பெயர் என்ஜின் எக்ஸ். இகோர் சிசோயெவ் என்ற ரஷ்யப் பொறியியலாளர் எழுதி 2004 இல் பொதுவில் வெளியிட்ட இலவச மென்பொருள். ஒரே நேரத்தில் பல்லாயிரம் இணைப்புகளைக் குறைந்த நினைவகத்தில் சமாளிப்பதற்கென்றே எழுதப்பட்டது. இதே வேலையை அப்பாச்சி எச்டிடிபிடி போன்ற வேறு மென்பொருள்களாலும் செய்யலாம்.

இப்போது 80, 443 ஆகிய இரண்டு கதவுகளிலும் என்ஜின் எக்ஸ் நிற்கிறது. செயலி 8080 இல்தான் இருக்கிறது, ஆனால் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும். அந்த முகவரிக்குக் கணினி தனக்குத்தானே பேசிக்கொள்வது என்று பொருள். வெளியிலிருந்து எவரும் 8080 ஐத் தட்டினால் பதில் வராது. தரவுத்தளத்தின் 5432 ஆம் கதவும் அப்படியே. ஃபயர்வோலில் 80, 443, நாங்கள் பராமரிப்புக்கு நுழையும் 22 ஆகிய மூன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடியாயிற்று. செயலி இப்போது ரூட் அதிகாரம் இல்லாத, தனக்கென்று உருவாக்கிய ஒரு சாதாரணப் பயனராக ஓடுகிறது. கணினி மின்சாரம் போய்த் திரும்ப எழும்பினால் தானாகவே தொடங்கும்.

பூட்டு விடயம். வழியைப் பூட்டுவதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். முன்பு இதற்கு வருடா வருடம் காசு கட்ட வேண்டியிருந்தது. 2015 இன் இறுதியிலிருந்து லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலாப நோக்கமற்ற சேவை இதை இலவசமாக எல்லோருக்கும் தருகிறது. அதன் சான்றிதழ் 90 நாட்களுக்குத்தான் செல்லுபடியாகும். ஆகவே தானாகப் புதுப்பிக்கும் ஒழுங்கையும் சேர்த்தே செய்ய வேண்டும். செய்தோம், புதுப்பித்தலை ஒத்திகையும் பார்த்தோம். யாராவது பூட்டில்லாத 80 ஆம் கதவால் வந்தால், காவலாளி அவரை 443 க்கு அனுப்பிவிடுவார்.

மெதுவான போன் பிரச்சினையும் இங்கேதான் தீர்கிறது. செயலி தயாரித்த பக்கத்தை என்ஜின் எக்ஸ் ஒரு நொடியில் வாங்கி வைத்துக்கொள்ளும். ஜாவா வேலையாள் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். சொட்டுச் சொட்டாகப் போனுக்கு ஊற்றும் வேலையைக் காவலாளி பார்த்துக்கொள்வார். இலச்சினை, எழுத்துரு, படம் போன்ற மாறாத கோப்புகளையும் அவரே கொடுத்துவிடுவார். செயலி வரை போகத் தேவையில்லை.

"அப்ப ரெண்டு நாள்ல முடிஞ்சிருக்குமே சேர்?" என்று கேட்பீர்கள். காவலாளியை நிறுத்துவது உண்மையில் ஒரு மாலை வேலைதான். அவரும் அலுவலகமும் ஒருவரோடொருவர் சரியாகப் பேசிக்கொள்கிறார்களா என்று பார்ப்பதற்குத்தான் மீதி நாட்கள் தேவைப்பட்டன. அதற்காகவே பன்னிரண்டு பெற்றோரைக் கேட்டு ஒரு ஒத்திகை வைத்தோம். அதில் தெரிய வந்தவை பல. நாளைக்கு வேறு பாடசாலையோ, பள்ளிவாசல் நிர்வாகமோ, சங்கமோ இதே வேலையைச் செய்யும்போது உதவும் என்பதால் எழுதுகிறோம்.

ஒன்று. செயலியில் ஒரு பாதுகாப்பு இருந்தது. ஒரே இடத்திலிருந்து ஐந்து தடவை கடவுச்சொல் பிழையாக வந்தால், அந்த இடத்தைக் கால் மணித்தியாலம் தடுத்துவிடும். ஒத்திகையில் ஒரு வாப்பா ஐந்து தடவை பிழையாகத் தட்டினார். உடனே பன்னிரண்டு பேருக்கும் தளம் பூட்டிக்கொண்டது.

ஏனென்று பதிவேட்டைத் திறந்து பார்த்தால், வந்த எல்லாக் கோரிக்கைகளுக்கும் 127.0.0.1 என்ற ஒரே முகவரி. இதில் வியப்பில்லை. அலுவலகத்துக்குள் வருவது எப்போதும் காவலாளி ஒருவர்தான். யாருக்காக வந்தார் என்று அவர் சொல்லாவிட்டால், ஊர் முழுக்க ஒரே ஆள் என்றுதான் அலுவலகம் நினைக்கும். பெறுபேறு நாளில் இது நடந்திருந்தால், எங்கோ ஒருவர் கடவுச்சொல்லை மறந்ததற்காக முழு ஊருக்கும் கதவு அடைத்திருக்கும்.

இதற்கு வழி, காவலாளி ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு எழுதிக் கொடுப்பது. வந்தவர் இந்த முகவரியிலிருந்து வந்தார், இந்தப் பெயரைச் சொல்லித் தட்டினார், பூட்டிய வழியால் வந்தார் என்று மூன்று விபரம். எக்ஸ் ஃபோர்வர்டட் ஃபோர், ஹோஸ்ட், எக்ஸ் ஃபோர்வர்டட் ப்ரோட்டோ என்பன அந்தத் துண்டுகளின் பெயர்கள். என்ஜின் எக்ஸில் இவற்றை எழுதச் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் பூட்டிலும் அவற்றை வாசிக்கச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொன்னால் போதாது.

இரண்டு. துண்டை யார் எழுதினார் என்பது முக்கியம். வெளியாள் ஒருவன் தானே ஒரு துண்டை எழுதிக்கொண்டு வரலாம். "நான் அதிபரின் கணினியிலிருந்து வருகிறேன்" என்று எழுதுவதற்கு யாரும் தடையில்லை. காவலாளி அதையும் சேர்த்து உள்ளே நீட்டினால், அலுவலகம் ஏமாறலாம். ஆகவே வருபவர் கொண்டுவந்த துண்டைக் கேட்டிலேயே வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, தான் கண்ணால் கண்ட முகவரியை மட்டும் புதிதாக எழுதும்படி அமைத்தோம். செயலியும் தனக்கு முன்னால் நிற்கும் அந்த ஒரு காவலாளியின் துண்டை மட்டுமே நம்பும்.

மூன்று. பூட்டிய வழி பற்றிய துண்டு இல்லாதபோது இன்னொரு வேடிக்கையும் நடந்தது. காவலாளிக்கும் செயலிக்கும் இடையிலான பேச்சு அதே கணினிக்குள் நடப்பதால் பூட்டில்லாமல்தான் நடக்கும். அதைப் பார்த்த செயலி, "நீ பூட்டில்லாத வழியால் வந்திருக்கிறாய், பூட்டிய வழியால் வா" என்று பெற்றோரைத் திருப்பி அனுப்பியது. அவரோ பூட்டிய வழியால்தான் வந்திருந்தார். திரும்ப வந்தார், திரும்ப அனுப்பப்பட்டார். கடைசியில் பிரவுசர் களைத்துப்போய், அளவுக்கு மீறித் திருப்பி அனுப்பப்படுகிறது என்று சொல்லி நின்றுவிட்டது. துண்டைச் சேர்த்ததும் சரியானது.

நான்கு. நமது நாட்டில் கைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுப்பது வழக்கம். அதனால் துண்டில் சரியான முகவரி வந்தாலும், அந்த முகவரிக்குப் பின்னால் ஒரு தெருவே இருக்கலாம். முகவரியை வைத்து மட்டும் தடுத்தால் அடுத்த வீட்டாரும் மாட்டிக்கொள்வார்கள். இதைக் கட்டாருக்குச் சொன்னோம். தம்பி அன்றிரவே விதியை மாற்றி அனுப்பினார். இப்போது குறிப்பிட்ட கணக்குத்தான் தடுக்கப்படும். நொடிக்கு இத்தனை கோரிக்கைக்கு மேல் ஒரு முகவரியிலிருந்து வரக்கூடாது என்ற எல்லையை என்ஜின் எக்ஸில் வைத்திருக்கிறோம். அதைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தோம்.

ஐந்து. ஆசிரியர்கள் புள்ளிப் பட்டியலைப் படமெடுத்து ஏற்றியபோது 413 என்ற பிழை வந்தது. என்ஜின் எக்ஸ் தானாக ஒரு மெகாபைட்டுக்கு மேல் எதையும் உள்ளே விடாது. இப்போதைய போன்களின் படம் அதைத் தாண்டிவிடும். எல்லையைப் பத்தாக்கினோம். செயலிக்கும் அதே எல்லையைச் சொன்னோம்.

ஆறு. எல்லா வகுப்புகளின் தேர்ச்சி அறிக்கைகளையும் ஒரே தடவையில் தயாரிக்கச் சொன்னால் 504 வந்தது. காவலாளி 60 நொடி காத்திருப்பார். பதில் வராவிட்டால் வந்தவரிடம் "உள்ளே பதில் இல்லை" என்று சொல்லிவிடுவார். உள்ளே செயலி உழைத்துக்கொண்டுதான் இருந்தது. 60 ஐ 600 ஆக்கினால் பிழை மறையும். ஆனால் ஆசிரியர்கள் பொறுமையிழந்து திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். ஒவ்வொரு அழுத்தலும் ஒரு புதிய வேலையாகி, சேர்வர் திணறும். ஆகவே காத்திருப்பு நேரத்தை விட்டுவிட்டு, அறிக்கைகள் பின்னணியில் தயாராகி, முடிந்ததும் அறிவிக்கும் முறைக்குச் செயலியை மாற்றச் சொன்னோம்.

ஏழு. செயலியைப் புதுப்பிக்கும்போது ஜாவா திரும்ப எழும்ப அரை நிமிடம் வரை எடுக்கும். அந்த நேரத்தில் வருபவருக்கு 502 என்று ஆங்கிலத்தில் ஒரு வெள்ளைப் பக்கம் வரும். பார்த்தவர் தளம் உடைந்துவிட்டது என்று குழுவில் எழுதுவார். இப்போது அந்த இடத்தில் தமிழில் ஒரு பக்கம் வரும். "தளம் புதுப்பிக்கப்படுகிறது. இரண்டு நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். உங்கள் பிள்ளையின் விபரங்கள் பத்திரமாக உள்ளன." செயலி தூங்கினாலும் காவலாளி விழித்திருப்பதால் இதைச் செய்ய முடிகிறது.

இவ்வளவும் செய்த பிறகு எல்லாம் பாதுகாப்பு என்று சொன்னால் அது பொய். காவலாளியால் தடுக்க முடியாதவையும் இருக்கின்றன. அவற்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2021 டிசம்பரில் லொக் ஃபோர் ஜே என்ற ஜாவா நூலகத்தில் ஒரு பாரதூரமான ஓட்டை வெளியானது. செயலிகள் பதிவேடு எழுதப் பயன்படுத்தும் நூலகம் அது. யாராவது ஒரு குறிப்பிட்ட வாசகத்தை அனுப்பி, செயலி அதைப் பதிவேட்டில் எழுதினாலே போதும், உள்ளே நுழைந்துவிடலாம். அந்த வாசகம் சாதாரணக் கோரிக்கை போலவே வருவதால், முன்னால் நிற்கும் காவலாளி அதையும் மரியாதையாக உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். அதற்கு முன், 2020 பெப்ரவரியில், டொம்கட்டிலேயே ஒரு ஓட்டை வெளியானது. அதன் பழைய பதிப்புகள் 8009 என்ற இன்னொரு கதவையும் கேட்காமலேயே திறந்து வைத்திருந்தன. 8080 ஐ மட்டும் நினைத்துக்கொண்டிருந்த பலருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது. அந்தக் கதவால் செயலியின் உள் கோப்புகளைப் படிக்க முடிந்தது. நமது செயலியில் இந்த இரண்டும் இல்லை என்று பார்த்துவிட்டோம். ஆனால் அடுத்த ஓட்டை எப்போது, எதில் வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே மாதம் ஒரு தடவையாவது எல்லாவற்றையும் புதுப்பிக்க ஒருவர் இருக்க வேண்டும்.

இன்னொன்று இன்னும் எளிமையானது. உங்கள் பிள்ளையின் அறிக்கையைத் திறக்கும்போது முகவரியில் சுட்டெண் தெரிகிறது என்று வையுங்கள். அதில் கடைசி இலக்கத்தை மாற்றித் தட்டினால் பக்கத்துப் பிள்ளையின் அறிக்கை திறந்தால் என்ன செய்வது? நீங்கள் முறையாகக் கேட்டால் வந்தவர், காவலாளி உங்களைத் தடுக்க மாட்டார். உள்ளே அலுவலகம்தான், "இந்தப் பிள்ளைக்கு நீங்கள் யார்?" என்று கேட்க வேண்டும். அந்தத் தாயிடம் சொன்ன "ஏலாது" உண்மையாவதும் பொய்யாவதும் இந்த இடத்தில்தான். எங்கள் உயர்தரத் தகவல் தொழில்நுட்ப மாணவர்கள் நால்வரிடம் ஒரு மாலை முழுக்க இதையே வேலையாகக் கொடுத்தோம். பொய்யான பெயர்கள் உள்ள ஒத்திகைத் தரவில், மற்றவரின் அறிக்கையைத் திறந்து காட்டச் சொன்னோம். இலக்கத்தை மாற்றினார்கள், பழைய முகவரிகளைத் தட்டினார்கள், வெளியேறிய பிறகு பின்னோக்கிப் போய்ப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் நூலகப் பக்கத்தால் வேறு பிள்ளையின் பெயர் தெரிந்தது. அது திருத்தப்பட்டுவிட்டது. அறிக்கை எதுவும் திறக்கவில்லை.

இது ஏதோ பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரிய வேலை என்று நினைக்க வேண்டாம். டி.எச்.ஐ.எஸ். 2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளும் ஜாவாவில் எழுதப்பட்டதுதான். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் தலைமையில் வளர்ந்தது. அதுவும் டொம்கட்டில் ஓடுகிறது, அதற்கு முன்னாலும் இதேபோல ஒரு ரிவர்ஸ் ப்ரொக்ஸியை வைக்கும்படிதான் அதன் வழிகாட்டி சொல்கிறது. 2020 சனவரியில் கொவிட் பரவத் தொடங்கியபோது, அந்த மென்பொருளில் முதன்முதலாகக் கண்காணிப்பு முறையை அமைத்தவர்கள் நம் இலங்கையர்கள். பிற நாடுகள் அதைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டன. அங்கே பயன்படும் அதே அமைப்பைத்தான் நாங்கள் சிறிய அளவில் செய்திருக்கிறோம். மென்பொருளுக்குச் செலவு ஒன்றுமில்லை. சேர்வர் வாடகையைப் பழைய மாணவர் சங்கம் பொறுப்பேற்றிருக்கிறது.

எங்களுக்கு இப்போது இருக்கும் கவலை வேறு. இந்த அமைப்பை முழுமையாக அறிந்தவர்கள் இன்றைக்கு மூன்று பேர்தான். ஒருவர் கட்டாரில். ஒருவருக்கு அடுத்த வருடம் இடமாற்றம் வரலாம். மற்றவருக்கு ஓய்வு நெருங்குகிறது. நமது ஊரில் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய எத்தனையோ தளங்கள், கடவுச்சொல் தெரிந்த ஒரேயொருவர் வெளிநாடு போனதோடு நின்றுபோனதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

அதனால் முழு அமைப்பையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, சான்றிதழ் எப்படிப் புதுப்பிக்கப்படுகிறது, 502 வந்தால் முதலில் எதைப் பார்ப்பது, இரவு எடுக்கப்படும் தரவுப் பிரதியிலிருந்து எப்படி மீட்பது என்று எல்லாம் அதில் இருக்கிறது. பிரதியிலிருந்து மீட்பதை இன்னொரு கணினியில் செய்தும் பார்த்துவிட்டோம். அந்தக் கோவை அதிபரின் அலுமாரியில் இருக்கும். கடவுச்சொற்கள் தனியாக, ஒட்டிய உறையில் இருக்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை.

முகவரி இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் வரும். அது வகுப்பாசிரியர் பிள்ளையிடம் கொடுக்கும் அச்சிட்ட கடிதத்தில் மட்டும் வரும். வட்ஸ்அப்பில் யாராவது பெறுபேற்று லிங்க் என்று அனுப்பினால், யார் அனுப்பியிருந்தாலும் திறக்க வேண்டாம். குறிப்பாக வெறும் எண்களாக இருக்கும் முகவரியில் எதையும் தட்ட வேண்டாம்.

முகவரியைத் தட்டியதும் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியா என்று பாருங்கள். பிரவுசர் பூட்டுப் படம் காட்டினால் அதையும் பாருங்கள். பூட்டு மட்டும் போதாது, ஏமாற்றுக்காரனும் இலவசச் சான்றிதழ் எடுத்துப் பூட்டுப் போடலாம்.

கடிதத்தில் வரும் தற்காலிகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். பிள்ளையின் பிறந்த திகதியைக் கடவுச்சொல்லாக வைக்க வேண்டாம். அந்தத் திகதி முழுக் குடும்பத்துக்கும் தெரியும். போன் இல்லாதவர்கள், அல்லது இணையத்தில் பார்க்க விருப்பமில்லாதவர்கள் வழமைபோல் பாடசாலைக்கு வந்து அச்சிட்ட அறிக்கையைப் பெறலாம். அது நிற்காது.

கடைசியாக ஒரு அழைப்பு. இந்த அமைப்பைக் கற்றுக்கொண்டு பொறுப்பேற்க ஊரிலேயே நிரந்தரமாக இருக்கும் இருவர் வேண்டும். ஆண்களோ பெண்களோ யாராகவும் இருக்கலாம். உயர்தரம் முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் வரலாம். ஜாவா தெரிந்திருக்க வேண்டியதில்லை. லினக்ஸ் கட்டளைகளை நாங்கள் சொல்லித் தருகிறோம். பொறுமையும், ஒன்றைச் செய்தால் அதை எழுதி வைக்கும் பழக்கமும் இருந்தால் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் கணினி ஆய்வுகூடம் திறந்திருக்கும். பழைய கணினி ஒன்றில் இதே அமைப்பை ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கட்டிக் காட்டுவோம். குறிப்புப் புத்தகமும் பேனாவும் கொண்டு வாருங்கள்.